பொங்குமாகடலும் புன்னைக்காயலும்

குற்றாலப் பேரருவி உச்சியிலிருந்து நேரே தரைக்கு வந்து விழுவதில்லை. பாதி வழியில் பாறை குடைந்த ஒரு பள்ளத்தில் விழுந்து, அங்கே சுழன்று கொதித்து, பொங்கி வழிந்த பிறகுதான் குளிப்பவர் தலையில் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தின் பெயர் பொங்குமாகடல். மன்னார் வளைகுடாவிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் இருக்கும் ஒரு பாறைக்குழிக்குக் கடல் என்று பெயர் வைத்தது கொஞ்சம் அதிகம்தான் என்று தோன்றும். ஆனால் இந்த நீர் போய்ச் சேரும் ஆற்றுத் தொகுதியில் ஒரு மீன் இருக்கிறது. அதன் கணக்கில் குற்றாலத்துத் தண்ணீருக்கும் கடலுக்கும் இடையே எல்லைக்கோடு கிடையாது. குற்றாலத்துத் திரிகூடமலையிலிருந்து இறங்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, சுமார் 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அந்த முழு வழியும் சேர்ந்துதான் அந்த மீனுக்கு ஒரு வீடு. அது விலாங்கு.

விலாங்கை நாம் பழமொழியில் நன்றாக அறிந்திருக்கிறோம். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று அதற்கு ஒரு கெட்ட பெயர். இரண்டு பக்கமும் சாய்ந்து பிழைப்பவரைத் திட்டுவதற்கு அது பயன்படுகிறது. பிடித்தால் வழுக்கும் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இரண்டுமே அதன் உருவத்தை வைத்துச் சொன்ன தீர்ப்புகள். உருவத்தை வைத்து மீனைக் கணிக்கும் இந்தப் பழக்கம் பழமொழியோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஆற்றையும் குளத்தையும் நிர்வகிப்பதிலும் அதே பழக்கம் புகுந்துவிட்டது என்பதுதான் இங்கே பேசவேண்டிய விஷயம். நீளமாக, வழுவழுப்பாக, சேற்றில் கிடப்பது எதுவானாலும் அதை 'ஆற்று மீன்' என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்தக் கணக்கில் ஆரலும் விலாங்கும் பக்கத்துப் பக்கத்து வரிகள். உண்மையில் ஒன்று பிறந்த ஆற்றிலேயே வாழ்ந்து மடிவது. மற்றது நடுக்கடலில் பிறந்து நடுக்கடலுக்கே திரும்ப வேண்டியது. உடலைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. போகும் வழியைப் பார்த்தால்தான் தெரியும்.

பாம்பு உடல் என்பது ஒரு குலத்தின் அடையாளம் என்று நினைப்பது இயல்பு. அப்படியில்லை என்பதற்குச் சான்றுகள் கரையோரங்களில் குவிந்து கிடக்கின்றன. வட அட்லாண்டிக், வட பசிபிக் கரைகளில் கன்னல் என்று ஒரு சிறு மீன் குடும்பம் உண்டு. சாண் நீளமும் முழ நீளமுமாக, நாடாவைப் போலத் தட்டையாக, முதுகு நெடுக ஒரே துடுப்போடு இருக்கும். கடல் வற்றும் நேரத்தில் ஈரக் கற்களுக்கு அடியிலும் பாசிக்குள்ளும் பதுங்கி, தண்ணீரே இல்லாமல் காற்றைச் சுவாசித்துக்கொண்டு அடுத்த ஏற்றம் வரை காத்திருக்கும். முட்டைகளை உருண்டையாகத் திரட்டி, அதைச் சுற்றி உடலை வளைத்துக் காவல் காக்கும். பார்க்கிற யாரும் விலாங்குக் குட்டி என்றே சொல்வார்கள். ஆனால் விலாங்கோடு அதற்கு நெருங்கிய உறவு கிடையாது. கல்லிடுக்கில் நுழைய வேண்டிய பிழைப்பு அதன் உடலை நீட்டிவிட்டது, அவ்வளவுதான்.

மலைக்கு அந்தப்புறம், கேரளத்தில் சமீப ஆண்டுகளில் நடந்தது இதைவிடச் சுவையானது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு மலப்புறம் மாவட்டத்து வயல் ஒன்றில் பாம்பு போன்ற ஒரு செம்பழுப்பு மீன் வெளிப்பட்டது. 2019இல் அதற்கு ஏனிக்மாசன்னா கோலம் என்று பெயரிட்டார்கள். ஆராய்ந்தபோது அது நிலத்தடி நீரில் வாழும் விரால் இனத்து உறவு என்று தெரிந்தது. அதே ஆண்டு கோழிக்கோடு பகுதிக் கிணற்றிலிருந்து வந்த மண்புழு போன்ற இன்னொரு மீன், நம் அயிரையின் சொந்தம். அதன் உருவத்தைப் பார்த்து, புஜியா நொறுக்குத் தீனியின் பெயரையே வைத்துவிட்டார்கள். விராலின் வழியில் ஒன்று, அயிரையின் வழியில் ஒன்று, கன்னலின் வழியில் ஒன்று என்று வெவ்வேறு குலங்கள் தனித்தனியே ஒரே உடலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இடுக்கும் சேறும் எங்கே உண்டோ அங்கே இந்த வடிவம் மீண்டும் மீண்டும் உருவாகும். ஆகவே வடிவம் ஒரு மீனின் இருப்பிடத்தைப் பற்றி ஏதாவது சொல்லலாம். அதன் பிறப்பைப் பற்றியோ போக்கிடத்தைப் பற்றியோ எதுவும் சொல்லாது.

நம் ஆரலை எடுத்துக்கொள்வோம். கல்லாரல், சேற்றாரல் என்று மக்கள் அதைப் பிரித்தே அழைக்கிறார்கள், பேச்சில் சேத்தாரா. கூர்ந்து நீண்ட மூக்கு, முதுகில் துடுப்புக்கு முன்னால் வரிசையாகச் சிறு முட்கள். கையால் அழுத்திப் பிடித்தவருக்கு அந்த முட்களே அடையாளம் சொல்லிவிடும். விலாங்குக்கு அப்படி முள் கிடையாது, முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றி வயிற்றுப்புறம் வரை ஒரே விளிம்பாக ஓடும். தமிழில் ஆரலின் வயது இரண்டாயிரம் ஆண்டு: கபிலரின் குறுந்தொகைப் பாடலில், 25ஆம் பாட்டு, ஓடும் நீரில் குருகு குறிவைத்து நிற்பது ஆரலைத்தான். அறிவியலுக்குள்ளும் அந்தச் சொல் அப்படியே போயிருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற மீன்களை வைத்து 1801இல் புளோக், ஷ்னைடர் இருவர் பெயரில் வெளிவந்த நூல் அதற்கு 'ஆரல்' என்றே இனப்பெயர் சூட்டியது. இன்றும் அது மாக்ரோக்நாதஸ் ஆரல். உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் மீனியலாளரும் அந்த மீனைக் குறிப்பிட ஒரு தமிழ்ச் சொல்லை உச்சரித்தாக வேண்டும். உறவு முறையில் பார்த்தால் ஆரல் விலாங்கைவிட விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும்தான் நெருக்கம். ஆற்றிலேயே முட்டையிடும், அங்கேயே வளரும். சிற்றாற்றில் நல்ல தண்ணீரும், மணலும், கரையோரப் புல்லும் இருந்தால் அதற்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

விலாங்கின் உண்மையான சொந்தக்காரர்கள் கடலில் இருக்கிறார்கள். பவளப் பாறை இடுக்கில் வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை அதன் தாயாதி. 2023இல் கடலூர்க் கரையில், முடசலோடை மீன் இறங்குதளத்தில் கிடைத்த நான்கு மாதிரிகளை வைத்து ஓர் அஞ்சாலை புதிய இனம் என்று அறிவிக்கப்பட்டது. அரை மீட்டரைத் தாண்டாத, கோடோ புள்ளியோ இல்லாத பழுப்பு மீன்; அதற்கு ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுவென்சிஸ் என்று நம் மாநிலத்தின் பெயரையே இட்டிருக்கிறார்கள். இந்தக் குலத்தைச் சேர்த்துக் கட்டும் கயிறு பாம்பு உடல் அன்று. அவற்றின் குஞ்சுப் பருவம்தான். முட்டையிலிருந்து வரும் விலாங்குக் குஞ்சு புழுவாகவும் இருக்காது, மீனாகவும் இருக்காது. கண்ணாடியில் வெட்டிய வேப்பிலை போல, ஒளி ஊடுருவும் தட்டையான இலையாக இருக்கும். அஞ்சாலைக்கும் அதே இலைக் குஞ்சு. வெள்ளிச் செதில் மின்னும், பாம்புச் சாயல் துளியும் இல்லாத டார்ப்பன் மீனுக்கும் அதே. டார்ப்பன் விலாங்குக்கு உறவு, ஆரல் உறவில்லை என்றால் மீன் சந்தையில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

இந்த இலைக்கும் விலாங்குக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்கவே மனிதனுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. முட்டையோடு ஒரு விலாங்கையும் பார்க்க முடியாததால் அரிஸ்டாட்டில் அவை சேற்றிலிருந்து தோன்றுவதாக எழுதினார். பின்னாளில் மனத்தைக் கூறுபோட்ட சிக்மண்ட் பிராய்டு, 1876இல் இளம் மாணவராக திரியெஸ்தே நகரில் நானூறு விலாங்குகளைக் கூறுபோட்டு ஆண் உறுப்பைத் தேடிக்கொண்டிருந்தார். 1890களில் இத்தாலியின் கிராசியும் கலாந்துருச்சியோவும், கடலில் அகப்படும் அந்த இலை மீன் விலாங்காக மாறுவதைக் கண்ணால் கண்டார்கள். டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் ஆண்டுக்கணக்காகக் கடலில் வலை வீசி, மேலும் மேலும் சிறிய குஞ்சு எங்கே கிடைக்கிறது என்று பின்தொடர்ந்து, ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் அட்லாண்டிக்கின் சர்காசோ கடல் என்று 1920களின் தொடக்கத்தில் அறிவித்தார். ஜப்பானிய விலாங்கின் முட்டையைக் கடலிலிருந்து கையில் எடுத்தது 2009இல்தான், மரியானா தீவுகளுக்கு மேற்கே. நம் பக்கத்துக்கு வந்தால், 1928–30இல் உலகைச் சுற்றிய டென்மார்க் ஆய்வுக் கப்பல் டானாவுக்கு, சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் விலாங்குக் குஞ்சுகள் அகப்பட்டன. இந்தியப் பெருங்கடல் விலாங்குகள் அந்தப் பகுதியில் பிறக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. புன்னைக்காயலுக்கும் அந்தக் கடலுக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

தாமிரபரணித் தொகுதியில் வாழும் விலாங்குகள் இரண்டு வகை: அங்குவில்லா பெங்காலென்சிஸ், அங்குவில்லா பைகலர். முதலாவது உடலில் திட்டுத் திட்டாக இருக்கும், ஆள் உயரத்துக்கும் வளரக்கூடியது; இரண்டாவது திட்டு இல்லாத, மேலே கருமையும் கீழே வெளுப்புமான மீன். கடல் நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து வரும் இலைக் குஞ்சு, கரையை நெருங்கும்போது உடல் சுருங்கி, விரல் நீளக் கண்ணாடிக் கம்பியாக மாறுகிறது. நன்னீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு கழிமுகத்தில் நுழைகிறது. அங்கிருந்து மேல்நோக்கிய பயணம். இந்தப் பருவத்தில்தான் பாம்பு உடலின் அருமை தெரியும். பாசி பிடித்த ஈரப் பாறையில், வழியும் நீர்ப்படலத்தில் உடலை ஒட்டவைத்து, நெளிந்து நெளிந்து அருவிச் சுவர்களையே ஏறக்கூடியது விலாங்குக் குட்டி. நியூசிலாந்தில் இதைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு சாண் நீளத்தை எட்டும்போது எடை கூடி, செங்குத்தில் ஒட்டும் திறமை போய்விடுகிறது. ஆகவே ஏறவேண்டியதைச் சிறு வயதிலேயே ஏறியாக வேண்டும். பிறகு கசத்திலும் பாறைப் பொந்திலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, முதிர்ந்ததும் கண் பெரிதாகி, குடல் சுருங்கி, உணவை நிறுத்திவிட்டுக் கடலுக்கு இறங்கும். 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஐரோப்பிய விலாங்குகளை ஓடும் நீர்த்தொட்டியில் நீந்தவிட்டுப் பார்த்தார்கள். சுமார் 5,500 கிலோமீட்டருக்குச் சமமான தூரத்தை ஒரு வேளையும் உண்ணாமல் நீந்தின. வேறு மீன்கள் செலவிடும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூட அதற்கு ஆகவில்லை. பழமொழி ஏளனம் செய்த உடல் இதுதான்.

சரி, இதனால் என்ன? இங்கேதான் கணக்கு பிசகுகிறது. ஆற்றிலோ குளத்திலோ மீன் குறைந்தால் நாம் அறிந்த மருந்து ஒன்று: குஞ்சு வாங்கி விடுவது. கட்லா, ரோகு போன்றவற்றுக்கு அது பலிக்கிறது. பண்ணையில் பொரிக்கவைக்கலாம், பையில் அடைத்துக் கொண்டுவரலாம். ஆரலும்கூட, ஆறு ஆறாக இருந்தால், தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும். விலாங்குக்கு இந்த மருந்து கிடையாது. விலாங்கு வளர்ப்பு ஆராய்ச்சியில் முன்னணியில் இருக்கும் ஜப்பானே 2010இல்தான் ஆய்வுக்கூடத்தில் அதன் முழு வாழ்க்கைச் சுற்றையும் முடித்துக் காட்டியது. அதன் பண்ணைகள் இன்றும் கடலோரத்தில் பிடித்த கண்ணாடிக் குட்டிகளை நம்பியே நடக்கின்றன. ஐரோப்பிய விலாங்கு இன்று அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டு, அதன் பன்னாட்டு வணிகம் 2009 முதல் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அந்தக் கதவு மூடியதும் சந்தையின் பார்வை தென்கிழக்கு ஆசியாவின் பைகலர் பக்கம் திரும்பியது. நம் ஆற்றில் இருக்கும் அதே இனம். ஒரு கழிமுகம் அடைபட்டால் அதற்கு மேலே உள்ள மொத்த ஆற்றுக்கும் விலாங்கு இல்லை. தென்காசியில் என்ன செய்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

குற்றாலத்து நீருக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை தடுப்புகள்? சிற்றாற்றிலேயே வரிசையாக அணைக்கட்டுகள் உண்டு. அது தாமிரபரணியில் சேர்ந்த பிறகு மருதூர், ஸ்ரீவைகுண்டம் இரண்டும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு ஆங்கிலேயருக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. கடலிலிருந்து வரும் குட்டிக்கு முதலில் எதிர்ப்படும் பெரிய சுவர் அது. வடகால், தென்கால் என்ற இரு கால்வாய்கள் வழியாக 25,000 ஏக்கர் அளவுக்கு நீர் தருவதும் அதுவே.

விவசாயி இங்கே குறுக்கிட்டுக் கேட்பார்: வாழையும் நெல்லும் காய்கிறபோது மீனுக்காகத் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொல்கிறீர்களா? நியாயமான கேள்வி. கடலில் வீணாகக் கலக்கிறது என்ற சொல்லுக்குப் பின்னால் வறண்ட கோடைகளின் அனுபவம் இருக்கிறது. அதைக் கேலி செய்வதில் அர்த்தமில்லை. ஆனால் விலாங்குக் குட்டி ஏறுவதற்கு ஆறு நிறையத் தண்ணீர் தேவையில்லை, ஒரு விரல் தடிமன் ஈரம் போதும். ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் தடுப்பணைகளின் ஓரத்தில் விலாங்குப் படி வைக்கிறார்கள். சாய்வாக வைத்த ஒரு தொட்டி, அதன் தளத்தில் துடைப்பக் குச்சி போலத் தூரிகை முனைகள், மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான் அதன் பொறியியல். குட்டி அந்தக் குச்சிகளுக்கு இடையே உடலை வளைத்து வளைத்து ஏறிவிடும். ஒரு வயலின் பாத்திக்குப் பாயும் நீர்கூட இதற்குச் செலவாகாது. இறங்கும் பெரிய விலாங்குக்குத்தான் நிஜமான ஓட்டம் தேவை. அது மழை வெள்ளத்தில், எப்படியும் அணை நிரம்பி வழியும் நாட்களில் நடக்கிற காரியம். அந்த நாட்களில் கால்வாய்த் தலைமதகில் ஒரு கம்பி வலை இருந்தால், கடலுக்குப் புறப்பட்டது வழி தவறிக் குளத்தில் போய் அடைபடாது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ஏழு அணைக்கட்டுகள் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன; விலாங்கு அழிந்துவிடவில்லையே, இப்போது மட்டும் என்ன அவசரம்? இதற்கு விடை கட்டுமானத்தில் இருக்கிறது. பழைய அணைக்கட்டு ஆற்றின் குறுக்கே சரிவாக அடுக்கிய கல். மேடும் பள்ளமுமாக, இடுக்கெல்லாம் கசிந்து, பாசி படர்ந்து கிடப்பது. நீரைத் திருப்பியவர்களுக்கு அது அணை. விலாங்குக் குட்டிக்கு அதுவே ஏணி. கசிவை அடைத்து, முகத்தை வழுவழுவென்று சிமெண்டால் பூசி, நேர்க்குத்தாக நிறுத்தும்போது ஒரு சொட்டு நீரும் வீணாகாது என்பது உண்மை. அதோடு ஏணியும் போகிறது. முன்பு வழி தந்தது கட்டியவர்களின் கருணை என்று சொல்ல வரவில்லை, அது கல் வேலையின் இயல்பு. இன்று பழுது பார்ப்பவர்கள் அதே வேலையைத் தெரிந்தே செய்ய வேண்டியிருக்கிறது. சீர் செய்யும் மதிப்பீட்டில் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குக் கரடுமுரடான சரிவு என்று ஒரு வரி சேர்த்தால், செலவுக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது.

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம், அதை எந்த விலாங்கு ஏறப்போகிறது, குற்றாலத்தை இதில் ஏன் இழுக்கிறீர்கள் என்றும் கேட்கலாம். குற்றாலத்தை இழுப்பது அருவி ஏறும் சாகசத்துக்காக அல்ல. ஜூனில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வந்ததும் சிற்றாற்றில் இறங்கும் முதல் வெள்ளமும், ஐப்பசி கார்த்திகையில் வரும் அடுத்த வெள்ளமும்தான் கீழே தாமிரபரணிக்குள் நன்னீரின் வாசனையைக் கடல் வரை கொண்டுபோகிற நீரோட்டத்தில் ஒரு பங்கு. அந்த வாசனை இல்லாமல் கண்ணாடிக் குட்டி எந்தக் கழிமுகத்தில் நுழைவதென்று அறியாது. சீசனில் அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தடை என்று அறிவிப்புப் பலகை வைக்கிறோம். அது குளிக்கும் இடத்தின் சுத்தத்துக்கு என்றே நினைக்கிறோம். அந்தத் தண்ணீர் தென்காசியைத் தாண்டும்போது நகரத்துக் கழிவும் அதில் சேருகிறது. மேலே இருந்து வரும் நீர் என்ன நாற்றத்தோடு போகிறது என்பதைக் கீழே ஓர் உயிர் முகர்ந்து பார்த்து முடிவெடுக்கிறது என்பது நம் யோசனையில் வருவதே இல்லை.

ஆகவே நீர்வளத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் கேட்கவேண்டியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் ஓரத்தில் ஒரே ஒரு விலாங்குப் படி. அதன் உச்சியில் ஏறி வருவதைச் சேர்க்க ஒரு பெட்டி. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இரவு இரவாக அதில் எத்தனை குட்டிகள் என்று எண்ணி எழுதும் ஒரு பேரேடு. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் விலங்கியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல இரவுப் பாடம் கிடைக்காது. அங்கே எண்ணிக்கை தெரிந்தால் அடுத்தது மருதூர், அதற்கடுத்து சிற்றாற்றின் அணைக்கட்டுகள் என்று ஒவ்வொன்றாக மேலே வரலாம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. கடற்கரை இல்லாத மாவட்டம் என்று அதன் வரைபடம் சொல்கிறது. சிற்றாறு அதை ஒப்புக்கொள்ளவில்லை.